பிரெஞ்சு வீரகதைகளின் பழம்பதிப்புகளைச் சேகரிக்கத் தொடங்குவோருக்கு

இந்தத் துறையில் நான் வாங்கிய முதல் புத்தகத்தில் இரண்டு ஏடுகள் அச்சடிக்கப்பட்டவையே அல்ல. எய்மோனின் நான்கு மகன்கள் கதையின் பதினாறாம் நூற்றாண்டு இறுதிப் பதிப்பு அது. சிவப்புத் தோல் கட்டு, பொன் பூசிய விளிம்பு, பக்கத்துக்குப் பக்கம் மரவெட்டுப் படங்கள் என்று பார்த்தவுடன் மனத்தைப் பறிக்கும் பிரதி. வாங்கி எட்டு மாதங்கள் கழித்து ஒரு நாள் காலை ஜன்னலோரம் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தபோது, மற்ற ஏடுகளின் பின்புறத்தில் விரலுக்குத் தட்டுப்பட்ட எழுத்தின் அழுத்தம் அந்த இரண்டில் மட்டும் தட்டுப்படவில்லை என்பதைக் கவனித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ கைதேர்ந்த ஒருவர் பேனாவால் எழுத்தெழுத்தாக வரைந்து சேர்த்தவை அவை. விற்றவர் எதையும் மறைக்கவில்லை. அவருடைய பட்டியலில் 'ரஃபெ' என்ற பிரெஞ்சுச் சொல் தெளிவாகவே இருந்தது. நான்தான் அதற்குப் 'பழுது பார்க்கப்பட்டது' என்று எனக்குச் சாதகமாகப் பொருள் கொண்டுவிட்டேன். 'புதிதாகச் செய்யப்பட்டது' என்பதே அங்கே அதன் பொருள்.

மத்திய காலப் பிரெஞ்சு வீரகதைகளின் தொடக்க கால அச்சுப் பதிப்புகளை, அதாவது சுமார் 1474 முதல் 1600 வரை வெளிவந்தவற்றை, சேகரிக்க விரும்பும் புதியவருக்காக இதை எழுதுகிறேன். பெரும்பகுதி நான் பிழை செய்து கற்றது. பிரெஞ்சு சரளமாகத் தெரியாவிட்டாலும் தொடங்கலாம். ஆனால் ஏடுகளை எண்ணத் தெரியாமல் தொடங்கக் கூடாது.

எவை அச்சேறின, எவை ஏறவில்லை

புதியவர்கள் பெரும்பாலும் க்ரெத்தியேன் தெ த்ருவாவின் பெயரோடு வருகிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் செய்யுளில் இயற்றிய ஆர்தர் கதைகளுக்குப் பதினைந்தாம் நூற்றாண்டு அச்சுப் பதிப்பு ஒன்று எங்காவது கிடைக்கும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. அப்படி எதுவும் இல்லை. அச்சுக்கலை பிரான்சுக்கு வந்த காலத்தில் வாசகர்கள் பழைய செய்யுள் கதைகளிலிருந்து வெகுதூரம் விலகி வந்திருந்தார்கள். அச்சேறியவை பெரும்பாலும் பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் உருவான உரைநடை வடிவங்கள். க்ரெத்தியேனின் பெர்ஸ்வால் கதை கூட 1530-இல் பாரிசில் உரைநடையாக மாற்றப்பட்ட பிறகே அச்சில் வந்தது. 'ரோலான் பாடல்' இன்னும் விசித்திரமானது: ஆக்ஸ்போர்டில் உள்ள கையெழுத்துப் பிரதியிலிருந்து பிரான்சிஸ்க் மிஷேல் 1837-இல் வெளியிட்டதே அதன் முதல் அச்சுப் பதிப்பு. பிரெஞ்சு இலக்கியத்தின் தலைவாசலில் நிற்கும் காவியத்துக்கு முதற்பதிப்பு ரயில் வண்டிக் காலத்தில்தான் கிடைத்தது. 'முதற்பதிப்பு' என்ற சொல்லில் மயங்குவோர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அச்சேறியவற்றின் வரிசை ஏறக்குறைய இப்படிப் போகிறது. பிரெஞ்சு மொழியில் அச்சான முதல் நூலாகக் கருதப்படுவதே ஒரு வீரகதைதான்: ரவூல் லெஃபேவ்ர் தொகுத்த டிராய் நகரக் கதைகள், 1474-ஐ ஒட்டி, பிரான்சில் அல்ல, புரூஜ் நகரை ஒட்டிய பகுதியில். 1478-இல் ஜெனீவாவில் ஆதாம் ஸ்டைன்ஷாபர் என்ற ஜெர்மானிய அச்சாளர் ஆகஸ்டில் 'மெலுசின்' கதையையும் நவம்பரில் 'ஃபியெராப்ரா' கதையையும் வெளியிட்டார். படங்கள் நிறைந்த அந்த மெலுசினின் முழுமையான பிரதி ஜெர்மனியின் வொல்ஃபன்புட்டல் நூலகத்தில் இருக்கிறது. 1488-இல் 'லான்ஸ்லோ' வெளியானது. இந்தப் பதிப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதற்பகுதியை ரூவான் நகரில் ழான் லெ பூர்ழுவா அச்சிட்டார். அடுத்த பகுதியைப் பாரிசில் ழான் து ப்ரே அச்சிட்டார். ரூவான் பகுதி நவம்பர் 24-ஆம் தேதியிட்டது. பாரிஸ் பகுதியோ செப்டம்பர் 16-ஆம் தேதியே முடிந்துவிட்டது. கதையின் பின்பாதி முன்பாதிக்கு முன்னால் தயாரானது. பெரிய கதையொன்றை இரண்டு ஊர் அச்சகங்கள் பங்கிட்டுக்கொண்டு வேலை செய்ததை அந்த இரண்டு தேதிகளே சொல்லிவிடுகின்றன.

அதன் பிறகு அந்துவான் வெரார் காலம். பாரிசில் 1485 முதல் ஏறக்குறைய 1512 வரை தொழில் நடத்திய இவர் 'திரிஸ்தான்', 'லான்ஸ்லோ', 'மெர்லின்' ஆகியவற்றை வெளியிட்டார். தாளில் அச்சிட்ட பதிப்பிலேயே சில பிரதிகளைக் கன்றுத்தோலில் அச்சிட்டு, மரவெட்டுப் படங்களின் மேல் வண்ணம் தீட்டச் செய்து, பிரான்சின் எட்டாம் சார்லசுக்கும் இங்கிலாந்தின் ஏழாம் ஹென்றிக்கும் அளித்தார். 1516-இல் புனிதக் கிண்ணத்தின் கதை, 1528-இல் பாரிஸ் வணிகர் கலியோ து ப்ரேயின் 'பெர்ஸ்ஃபோரே' ஆறு பகுதிகள் என்று பெரிய ஃபோலியோக்களின், அதாவது தாளை ஒருமுறை மட்டும் மடித்துச் செய்த புத்தகங்களின், காலம் 1530 வரை நீள்கிறது. பிறகு தாளை இருமுறை மடித்துச் செய்த, மெலிந்த, மலிவான குவார்ட்டோக்களின் காலம் வருகிறது. இறுதியில் பதினேழாம் நூற்றாண்டில் த்ருவா நகரத்து நீலத்தாள் உறைப் புத்தகங்கள். இந்த நீலப் புத்தகங்கள் என்னவென்று கேட்பவர்களிடம் நான் நம் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையை நினைத்துக்கொள்ளச் சொல்வேன்: அரசவைக்காக எழுதப்பட்ட கதை, நூற்றாண்டுகள் கடந்து, மட்டமான தாளில், தேய்ந்த படக்கட்டைகளோடு, சந்தையில் விற்பனைக்கு வந்த நிலை.

வட்டத்தைச் சிறிதாக்குதல்

எல்லாவற்றையும் சேர்க்க முயன்றால் எதுவும் சேராது. பதினைந்தாம் நூற்றாண்டு ஃபோலியோக்கள் விற்பனைக்கு வருவதே அபூர்வம். வந்தாலும் நூலகங்களும் பெருஞ்செல்வர்களும் போட்டியிடுவார்கள். அவற்றைப் பார்க்க மட்டும் போங்கள்.

வாங்குவதற்கு நான் பரிந்துரைப்பது மூன்று வழிகளில் ஒன்று. ஒரே கதையைப் பிடித்துக்கொண்டு அதன் பதிப்புகளைக் காலம் கடந்து பின்தொடரலாம். 'மெலுசின்', 'எய்மோனின் மகன்கள்' போன்றவை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து அச்சானதால் எந்தப் பணப்பைக்கும் ஏதாவது ஒரு பதிப்பு அகப்படும். அல்லது ஒரு புத்தக வணிகரைப் பின்தொடரலாம்: பாரிசில் பொன்ஃபோன் குடும்பம், லியோனில் ஒலிவியே அர்னூலே போன்றோர் பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் வீரகதைகளையே பெரும் பிழைப்பாகக் கொண்டிருந்தார்கள். மூன்றாவது, பதின்மூன்றாம் நூற்றாண்டுக் காதல் உருவகக் கவிதையான 'ரோஜாவின் ரொமான்'. செய்யுளாகவே அச்சேறிய பெரிய விதிவிலக்கு அது. 1481-ஐ ஒட்டி முதலில் வந்து 1538-க்குள் 21 பதிப்புகளைக் கண்டது. கவிஞர் க்ளெமான் மரோ திருத்தியதாகச் சொல்லப்படும் பாடம் 1526-இல் வந்தது. 1538-க்குப் பிறகு 1735 வரை யாரும் அதை அச்சிடவில்லை. இப்படித் தெளிவான தொடக்கமும் முடிவும் உடைய வரிசை சேகரிப்பவருக்குப் பெரிய வசதி. ஃப்ரான்சிஸ் வில்லியம் பூர்டில்லன் 1906-இல் அந்த 21 பதிப்புகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு விளக்கியிருப்பதால், உங்கள் கையில் இருப்பது எது என்று ஒரு பிற்பகலில் கண்டுபிடித்துவிடலாம்.

கையில் பணம் குறைவு என்றால் நான்காவது வழி ஒன்று உண்டு. அதைப் பலர் ஏளனமாகப் பார்ப்பது நியாயமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் புத்தக வணிகர் சில்வெஸ்த்ர் 1838 முதல் 1858 வரை பழைய கதைகளையும் செய்யுள்களையும் அன்றைய கோதிக் எழுத்தைப் போலவே வார்த்த அச்செழுத்தில் சிறு எண்ணிக்கையில் மறுபதிப்பு செய்தார். அவற்றை வைத்துக்கொண்டு கோதிக் எழுத்தைப் படிக்கப் பழகலாம். பிறகு மூலப் பதிப்பைக் காணும்போது கண் தடுமாறாது.

முடிவுக் குறிப்பையும் முகவரியையும் படித்தல்

பழம்பதிப்பின் தலைப்புப் பக்கம் ஒரு விளம்பரம். 'புதிதாகத் திருத்தியது' என்று அது சொல்வதை நம்ப வேண்டிய அவசியமில்லை. உண்மை பெரும்பாலும் கடைசி ஏட்டின் முடிவுக் குறிப்பில் இருக்கும்: எங்கே, யார், யாருக்காக, எந்த நாளில் அச்சிட்டு முடித்தார் என்பது. அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனெனில் அந்தக் காலத்துப் பாரிசில் ஆண்டு ஜனவரியில் பிறக்கவில்லை, ஈஸ்டரில் பிறந்தது. 1564-இன் அரசாணைக்குப் பிறகுதான் ஜனவரி முதல் நாள் ஆண்டுத் தொடக்கமானது. ஆகவே 'பிப்ரவரி 1500' என்று தேதியிட்ட பாரிஸ் நூல் நம் கணக்கில் 1501-ஐச் சேர்ந்தது. இது வெறும் பண்டிதர் வேலையாகத் தோன்றலாம். ஆனால் 1500 டிசம்பர் 31 வரை அச்சானவற்றையே இன்குனாபுலா என்று தனி வகையாக மதிக்கிறார்கள். அந்த ஒரு சொல் பட்டியலில் இருந்தால் விலை வேறு. ஈஸ்டர் கணக்கை மறந்து 1501-ஆம் ஆண்டு நூலை இன்குனாபுலம் என்று விற்பவர்களும் உண்டு, வாங்குபவர்களும் உண்டு.

தேதியே இல்லாத நூல்கள் ஏராளம், குறிப்பாகக் குவார்ட்டோக்கள். அங்கே நூலில் அச்சிட்டிருக்கும் கடை முகவரிதான் துணை. வெரார் நோத்ர் தாம் பாலத்தின் மேல் கடை வைத்திருந்தார். பாலங்களின் மேல் வரிசையாக வீடுகளும் கடைகளும் இருந்த காலம் அது. 1499 அக்டோபர் 25 அன்று அந்தப் பாலம் செய்ன் ஆற்றில் இடிந்து விழுந்தது. அதன் பிறகு வெராரின் நூல்களில் வேறு முகவரிகள் வருகின்றன. அதே பாலத்தில் இருந்த ழான் த்ரெப்பெரெல் என்ற வணிகரும் இடம் மாறினார். எனவே பாலத்து முகவரியுடன் இருக்கும் தேதியற்ற நூல் அந்த அக்டோபருக்கு முந்தியது என்று துணிந்து சொல்லலாம். அதைப் போலவே வணிகர் இறந்த பின் அவர் மனைவி தொழிலை நடத்திய ஆண்டுகளில் 'கைம்பெண்' என்ற சொல் பெயருக்கு முன்னால் வரும்; த்ரெப்பெரெல், பொன்ஃபோன் இரு குடும்பங்களிலும் இது உண்டு. அந்த ஒரு சொல் ஐம்பது ஆண்டு இடைவெளியைச் சில ஆண்டுகளாகச் சுருக்கிவிடும்.

ஒரே நூலின் இரண்டு பிரதிகளில் வெவ்வேறு வணிகர் பெயர் இருந்தால் உடனே இரண்டு பதிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். 1530-இன் பெர்ஸ்வாலை மூன்று வணிகர்கள் கூட்டாக வெளியிட்டார்கள். கூட்டு முதலீட்டில் இப்படிப் பெயர் மட்டும் மாறுவது அன்று சாதாரணம். படங்களையும் அளவுக்கு மீறி நம்பக் கூடாது. மரக்கட்டைகள் விலை உயர்ந்தவை என்பதால் ஒரு கதைக்குச் செதுக்கியதை இன்னொன்றில் போடுவார்கள். டிராய் முற்றுகைப் படம் ஆர்தர் கதையில் வரும், அதில் யாருக்கும் வெட்கமில்லை.

ஏடுகளை எண்ணுதல்

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம். ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு பெரிய தாளை ஒருமுறை மடித்தால் இரண்டு ஏடுகள், அது ஃபோலியோ. இருமுறை மடித்தால் நான்கு, குவார்ட்டோ. மூன்று முறை மடித்தால் எட்டு, ஆக்டாவோ. இதை உயரத்தை அளந்து முடிவு செய்யக் கூடாது, ஏனெனில் கட்டுக்காரர்கள் நூற்றாண்டுக்கு ஒருமுறை விளிம்பை வெட்டியிருப்பார்கள். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கந்தல் துணியிலிருந்து கையால் செய்த தாளில் ஒரு விரற்கிடை இடைவெளியில் கோடுகள் தெரியும். எங்காவது நீர்க்குறியும் தெரியும், பிரெஞ்சுத் தாளில் கை, குடுவை, ஒற்றைக்கொம்புக் குதிரை போன்றவை. கோடுகள் செங்குத்தாகவும் நீர்க்குறி ஏட்டின் நடுவிலும் இருந்தால் ஃபோலியோ. கோடுகள் படுக்கையாக இருந்து நீர்க்குறி மடிப்புக்குள் பாதி மறைந்திருந்தால் குவார்ட்டோ. கோடுகள் மறுபடி செங்குத்தாகி நீர்க்குறி மடிப்பின் மேல் மூலையில் இருந்தால் ஆக்டாவோ. ஷார்ல் மோயிஸ் பிரிக்கே 1907-இல் தொகுத்த நீர்க்குறி அகராதியில் உங்கள் குறிக்கு நெருங்கிய உறவினரைத் தேடலாம்.

மடித்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த கட்டை நம் அச்சகங்களில் ஃபாரம் என்பார்கள். அந்தச் சொல்லே இங்கும் போதும். ஒவ்வொரு ஃபாரத்துக்கும் ஓர் எழுத்து. எட்டு ஏடுள்ள ஃபாரத்தில் முதல் நான்கு ஏடுகளின் அடியில் மட்டும் ஏ 1, ஏ 2 என்று ரோமன் எண்ணோடு குறி இருக்கும். மீதி நான்கு அவற்றின் இணைகள் என்பதால் குறி தேவையில்லை. அன்றைய அகரவரிசையில் 23 எழுத்துகள்தான்: ஐ-யும் ஜே-யும் ஒன்று, யு-வும் வி-யும் ஒன்று, டபிள்யூ இல்லை. 23 தீர்ந்த பின் சில அச்சாளர்கள் 'மற்றும்' என்பதற்கான சுருக்கக் குறியையும், ஒன்பதைப் போன்ற இன்னொரு சுருக்கக் குறியையும் பயன்படுத்திவிட்டு, பிறகு இரட்டை எழுத்துக்குப் போவார்கள். பட்டியலில் 'ஏ முதல் இசட் வரை எட்டு, சுருக்கக் குறி நான்கு' என்று இருந்தால் 23 எட்டுகள் 184, அதோடு 4, ஆக 188 ஏடுகள் இருக்க வேண்டும். உங்கள் பிரதியில் 187 இருந்தால் எங்கே போயிற்று என்று தெரியும் வரை பணத்தை எடுக்காதீர்கள். கடைசி ஏடு வெற்றேடாக இருந்து கிழிந்து போயிருக்கலாம், அது மன்னிக்கத்தக்கது. தலைப்பு ஏடு போயிருந்தால் அது வேறு கதை.

ஏட்டின் மேல் மூலையில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கொண்டு எண்ணாதீர்கள். இந்தக் கதைப் புத்தகங்களில் எண் தாவுவதும் திரும்ப வருவதும் வாடிக்கை. ஃபாரக் குறியைக் கொண்டு எண்ணுங்கள்.

என் முதல் பிரதியில் பொய்யாக இருந்தவை சி 3, சி 6 ஆகிய இரண்டும். எட்டு ஏட்டு ஃபாரத்தில் ஒன்றும் எட்டும் இணை, இரண்டும் ஏழும் இணை, மூன்றும் ஆறும் இணை. ஒரே மடிப்பின் இரு பாதிகள். ஒன்று தையலிலிருந்து விடுபட்டபோது மற்றதும் தொலைந்திருக்கிறது. இதை முன்பே அறிந்திருந்தால், ஓர் ஏட்டில் சந்தேகம் வந்தவுடன் அதன் இணையைத் தேடிப் பார்த்திருப்பேன்.

இந்த எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டிய இடங்கள் இவை. இன்குனாபுலா என்றால் 1925 முதல் வெளிவரத் தொடங்கிய ஜெர்மானியப் பெரும்பட்டியலும், பிரிட்டிஷ் நூலகத்தில் தொடங்கப்பட்ட இணையத் தரவுத்தளமும். 1501-க்குப் பிந்தியவற்றுக்கு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் உலகத் தலைப்புப் பட்டியல். எந்த நூலகத்தில் எத்தனை பிரதி எஞ்சியிருக்கிறது என்பதையும் அது காட்டும். ப்ருனே என்ற புத்தக வணிகரின் கையேடு, 1860-களின் ஐந்தாம் பதிப்பு, இன்றும் பாரிஸ் வணிகர்களின் பேச்சுமொழி. 'ப்ருனேயில் இல்லை' என்பதை அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் பல பதிப்புகள் முழுதாக ஏற்றப்பட்டுள்ளன. உங்கள் பிரதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஏட்டுக்கு ஏடு ஒப்பிடலாம். செலவு இல்லை, பொறுமை மட்டும் வேண்டும்.

பொய் ஏடும் கூட்டிச் சேர்த்த பிரதியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சுச் செல்வர்கள் வீரகதைப் பதிப்புகளின் மேல் பெரும் பித்துக் கொண்டிருந்தார்கள். கந்தலாகக் கிடைத்த பிரதியைப் பிரித்து, ஏடுகளை வேதிநீரில் கழுவி, அழுத்தி, குறைந்த ஏட்டை வரையச் செய்து, ட்ரோட்ஸ்-போஸொனே போன்ற பெரும் கட்டுக்காரரிடம் கொடுத்துச் சிவப்பு மொராக்கோ தோலில் கட்டுவார்கள். ஆதாம் பிலின்ஸ்கி என்ற போலந்துக்காரர் பாரிசில் இத்தகைய மறுவரைவில் பேர்பெற்றவர். அவர்கள் நோக்கில் இது மோசடி அல்ல, மருத்துவம். ஆனால் மருத்துவக் குறிப்பு நம் கைக்கு வருவதற்குள் தொலைந்துவிடுகிறது.

கண்டுபிடிக்கும் முறை எளிது. விளக்கைப் பக்கவாட்டில், தாளின் மட்டத்துக்கு இறக்கிப் பிடியுங்கள். உலோக எழுத்து ஈரத்தாளில் அழுந்திய பள்ளங்கள் சிறு நிழல்களாகத் தெரியும். பேனா எழுத்திலோ கல்லச்சிலோ அந்த நிழல் இருக்காது. கழுவி அழுத்திய பிரதியில் எல்லா ஏடுகளுமே சற்றுத் தட்டையாக இருக்கும் என்பதால் தனியாக ஓர் ஏட்டை வைத்து முடிவு செய்யாமல் பக்கத்து ஏட்டோடு ஒப்பிட வேண்டும். தாள் பழையது என்பதும் சான்றாகாது. வரைபவர்கள் பழைய நூல்களின் வெற்றேடுகளைத்தான் பயன்படுத்துவார்கள். எனக்கு மிகவும் நம்பகமான சாட்சி புத்தகப் புழு. அது நேராகத் துளைத்துக்கொண்டு போகும். நாற்பது ஏடுகளை ஊடுருவிய துளை நடுவில் ஓர் ஏட்டில் மட்டும் இல்லையென்றால் அந்த ஏடு புழுவுக்குப் பிறகு வந்தது. தண்ணீர்க் கறையும் அப்படித்தான்: கறையின் கரை ஏட்டுக்கு ஏடு மெல்ல நகர வேண்டும், திடீரென்று மறையக் கூடாது. ஏட்டின் உயரம் இரண்டு மில்லிமீட்டர் குறைந்தாலும் அது இன்னொரு பிரதியிலிருந்து வந்ததா என்று கேளுங்கள்.

இவையெல்லாம் இருந்தால் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சமையற்கட்டிலும் சத்திரத்திலும் புரட்டிப் புரட்டித் தீர்ந்துபோன குவார்ட்டோக்களில் சில இன்று உலகில் ஒரே ஒரு பிரதியாக நிற்கின்றன. அங்கே முழுமையை எதிர்பார்ப்பது பேராசை. குறை என்னவென்று தெரிந்து, அதற்கேற்ற விலையில் வாங்கினால் போதும். அழகாகக் கட்டிய ஐயத்துக்குரிய பிரதியைவிட, பழைய தோலுறை பிய்ந்து, மூன்று ஏடு குறைந்து, எதையும் ஒளிக்காமல் நிற்கும் பிரதியை நான் விரும்புகிறேன்.

பட்டியல் மொழியும் ஏலமும்

பிரெஞ்சு விற்பனைப் பட்டியலில் பத்துச் சொற்கள் தெரிந்தால் பாதி ஆபத்து நீங்கும். 'மான்க்' என்றால் இல்லை. 'ரொன்யே' என்றால் விளிம்பு வெட்டப்பட்டது. 'கூர் தெ மார்ழ்' என்றால் ஓரம் குறுகிவிட்டது, சில சமயம் தலைப்பு வரியே அரைகுறையாகியிருக்கும். 'முயுர்' தண்ணீர்க் கறை, 'பிக்யூர் தெ வேர்' புழுத்துளை, 'லவே' கழுவியது, 'ரெமோந்தே' கட்டிலிருந்து பிரித்து மறுபடி ஒட்டியது. 'ரஃபெ' பற்றித் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். ஆங்கிலப் பட்டியலில் 'எல்லாக் குறைகளோடும்' என்பதன் முதலெழுத்துகளான டபிள்யூ.ஏ.எஃப். என்று இருந்தால், வாங்கிய பின் எந்தக் குறையைக் காட்டியும் திருப்பிக் கொடுக்க முடியாது.

பாரிசில் ஏலங்களின் பழைய மையம் த்ருவோ மாளிகை. ஏலத்துக்கு முந்திய நாள் பொருட்களைப் பார்வைக்கு வைப்பார்கள். நேரில் போக முடியாதவர் ஃபாரக் குறிவாரியாக ஏட்டுக் கணக்கையும் சந்தேகமான ஏடுகளின் பக்கவாட்டு வெளிச்சப் படங்களையும் எழுதிக் கேட்கலாம். கேட்பதில் கூச்சம் வேண்டாம். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் கட்டணமாக நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேல் சேரும் என்பதை முன்கூட்டியே கழித்துக்கொண்டு கை தூக்குங்கள். சுத்தியல் விழுந்த பிறகும் புத்தகம் உங்களுடையது என்று சொல்லிவிட முடியாது. பிரெஞ்சு அரசுக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. அதன் பிரதிநிதி எழுந்து ஒரு வார்த்தை சொன்னால், நீங்கள் கேட்ட அதே விலைக்கு நூல் ஏதோ ஒரு பொது நூலகத்துக்குப் போகும், அதை உறுதிசெய்ய அரசுக்கு 15 நாள் அவகாசம். எனக்கு ஒருமுறை அப்படி நடந்தது. வருத்தமாக இருந்தது, ஆனாலும் இன்று அந்த நூலை யாரும் போய்ப் படிக்கலாம்.

பிரான்சிலிருந்து வெளியே கொண்டுபோகப் பண்பாட்டுப் பொருளுக்கான சான்றிதழ் தேவைப்படலாம். இன்குனாபுலம் என்றால் விற்பவரிடம் இதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இந்தியாவுக்குக் கொண்டுவர நினைப்பவர்கள், நூறாண்டு கடந்த பொருளை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி மறுபடி வெளியே அனுப்புவது எளிதல்ல என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

யாரிடமிருந்து வந்தது

பழைய உடைமையாளர்களின் வரிசை நூலுக்கு மதிப்புச் சேர்க்கும். அதைவிட முக்கியமாக, திருட்டு இல்லை என்பதற்குச் சான்றாகும். லா வல்லியேர் கோமகனின் நூலகம் 1783-84-இல் விற்கப்பட்டது, எஸ்லிங் இளவரசருடையது 1847-இல், ஃபிர்மான்-திதோவினுடையது 1878 முதல். இந்த விற்பனைப் பட்டியல்கள் அச்சில் இருப்பதால் உங்கள் பிரதி அங்கே நின்றதா என்று தேடலாம். அர்மான் சிகோஞ் சேர்த்ததை ஓமால் கோமகன் 1859-இல் மொத்தமாக வாங்கிவிட்டார். அது ஷாந்தியி கோட்டையில் இருக்கிறது, சந்தைக்கு வராது.

நூலக முத்திரை இருந்தால், நூலகமே நூலை விலக்கியதைக் காட்டும் நீக்க முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இருந்த இடத்தில் தாள் மெலிந்தோ வெளுத்தோ இருந்தால் விலகிவிடுங்கள். பிரெஞ்சு நூலகங்களைப் பார்வையிடும் அரசுப் பொறுப்பில் இருந்துகொண்டே அவற்றிலிருந்து நூல்களைத் திருடிய குலியெல்மோ லிப்ரி என்ற கணித அறிஞர் 1850-இல், இங்கிலாந்துக்கு ஓடிப்போன பின், தண்டிக்கப்பட்டார். திருடியதன் அடையாளங்களை அவர் அழித்தும் மாற்றியும் விற்றார். அப்படிப் போனவற்றில் சில பிற்காலத்தில் அடையாளம் காணப்பட்டுத் திரும்பின. பழநூல் வணிகர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு காணாமற்போன நூல்களின் பதிவேடு ஒன்றை வைத்திருக்கிறது. வாங்குமுன் அதில் ஒரு நிமிடம் தேடுவது பின்னால் வரும் ஆண்டுகளைக் காப்பாற்றும்.

வீட்டில்

கந்தல் தாள் உறுதியானது. நம் தாத்தா காலத்து நாவல்களைப் போலப் பொடிந்து போகாது. அதற்கு எதிரி ஈரம்தான். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி, அதிகம் ஏறி இறங்காமல் இருந்தால் போதும். கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் ஒரு சிறு ஈரமானியை அலமாரியில் வையுங்கள். கையுறை வேண்டாம், கழுவித் துடைத்த கையே நல்லது. 180 பாகை விரித்து மேசையில் அறையாமல், இருபுறமும் துணிச்சுருளைத் தாங்கலாக வையுங்கள். செலோடேப் பக்கத்திலேயே வரக் கூடாது. பழைய வாசகர்களின் ஓரக் குறிப்பு, பெயர், குழந்தைக் கிறுக்கல் எதையும் அழிக்காதீர்கள்.

ஒவ்வொரு பிரதிக்கும் அமிலமற்ற தாளில் ஒரு சீட்டு எழுதி உள்ளே வையுங்கள்: ஃபாரக் கணக்கு, குறைந்த ஏடுகள், எந்தப் பட்டியலோடு ஒப்பிட்டீர்கள், எங்கே எப்போது வாங்கினீர்கள். பேனா வேண்டாம், பென்சில். எய்மோன் மகன்களின் அந்தச் சிவப்புப் பிரதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதன் சீட்டின் முதல் வரி, 'சி 3, சி 6 பேனாவால் வரைந்தவை.'